நிஸ்வாவின் துடக்கு

கோழிக் கொம்பனியில் காலை ஷிப்ட் முடிந்து காருக்குள் ஏறினால் கொஞ்ச நேரத்துக்கு யாரும் கதைப்பதில்லை. நாள் முழுக்கக் குளிர் அறையில் நின்ற கையை ஹீட்டருக்கு நீட்டினால் முதலில் சுடும், பிறகு குத்தும், அதற்குப் பிறகுதான் அது நம்முடைய கை என்று தெரியும். தவம்தான் கார் ஓட்டுவான். பக்கத்தில் அவன் மனைவி நாகேஸ்வரி, பின் சீற்றில் நான். மெல்பேணின் நோபல் பார்க்கில் ஒரே டிரைவ்வேயில் மூன்று யூனிட்டுகள். நடுவில் அவர்கள், கடைசியில் நான். அவர்கள் வீட்டில் வெங்காயம் தாளித்தால் எனக்குப் பசிக்கும். அவர்கள் சண்டை பிடித்தால் எனக்கு நித்திரை வராது. ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. இல்லை என்று கிளென் வேவர்லியில் யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

யூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை இடத்தில் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லொக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். காருக்குள் ஏறித்தான் நாகேஸ்வரி போனைப் பார்த்தாள். அரபியில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. திரும்பவும் போட்டுக் கேட்டாள்.

"என்னவாம்?" என்றான் தவம்.

"உம்மு சாலிம் செத்துப்போனா."

"ஆர்?"

"ஓமானில, நிஸ்வா வீட்டு மனிசி. விடியப்புறம் போன உயிராம். வெயில் ஏற முன்னமே அடக்கம் செய்திட்டினமாம்."

"ஐயோ பாவம். வயசும் போட்டுதெல்லே" என்று சொல்லிவிட்டு அவன் இண்டிகேற்றரைப் போட்டான். சந்தி திரும்பியதும், "வாழையிலைக்கு சிவமணி அக்கா ஆள் பிடிச்சிட்டாவாம். குயின்ஸ்லாந்திலயிருந்து வருதாம்" என்றான்.

வாழையிலை அவர்களுடைய ஒரே மகள் ராகவியின் சாமத்தியவீட்டுக்கு. பிள்ளை பெரியவளாகிச் சில வாரம் ஆகியிருந்தது. அடுத்த வாரச் சனிக்கிழமைக்கு ஸ்பிரிங்வேலில் மண்டபம் எடுத்தாகிவிட்டது. நாகேஸ்வரி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் இறங்கியவள் நேரே குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்து, சாமித் தட்டின் திரையை இழுத்து மூடினாள். நான் என் சாப்பாட்டுப் பெட்டியை அவர்கள் காரில் விட்டிருந்தேன், அதை எடுக்க வாசலில் நின்றேன்.

"எனக்குத் துடக்கு" என்றாள். "முப்பத்தொண்டு நாள் முடியுமட்டும் நான் ஒரு நல்ல காரியத்திலும் நிக்கமாட்டன்."

சாவுத் தீட்டைத்தான் நாங்கள் துடக்கு என்போம். அது இரத்த உறவுக்கு. தாய் தகப்பனுக்கு, கூடப்பிறந்ததுக்கு. ஓமானில் வேலை செய்த வீட்டு முஸ்லிம் மனிசிக்கு ஒரு தமிழ்ப் பெண் துடக்குக் காப்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. தவம் வாயைத் திறந்தபடி நின்றான். எனக்கும் முதலில் அவளுக்கு விசர் பிடித்துவிட்டதோ என்றுதான் பட்டது.

தவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2012இல் படகில் வந்தவன். நானும் அதே வருடம்தான், வேறு படகு. எங்களை முகாமில் இருந்து வெளியே விட்டவர்கள் வேலை மட்டும் செய்யக்கூடாது என்று சொல்லி விட்டார்கள். ஊரில் கைக்குழந்தையோடு மனிசி இருக்க, கை கால் திடமான ஆம்பிளை இங்கே கதிரையில் குந்தியிருக்க வேண்டும். அப்படி ஒரு சட்டத்தை யோசித்து எழுதியவனை நான் ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும். தவத்தின் பெரியப்பா மகள் சிவமணி அக்கா, கிளென் வேவர்லியில் பெரிய வீட்டுக்காரி. தன் கராஜில் கட்டில் போட்டு அவனை வைத்துச் சோறு போட்டா. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோற்றுக்கு அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். புல் வெட்டுவது, தேர்த் திருவிழாவுக்குப் பந்தல் போடுவது, அக்காவின் சிநேகிதக்காரர் வீட்டு விசேஷமெல்லாவற்றிலும் கதிரை அடுக்குவது, சாம்பார் வாளி தூக்குவது. வேலை அனுமதி வந்து கோழிக் கொம்பனியில் சேர்ந்த பிறகும் சனி ஞாயிறு அவனுக்கு அந்தச் சேவகம் ஓயவில்லை. ஒரு நாள் என் பிள்ளைக்கும் இப்படி ஒரு மண்டபத்தில் நடக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் மனதுக்குள் மண்டபம் கட்டிக்கொண்டிருந்தவன் அவன்.

ஊரில் நாகேஸ்வரி இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ராகவியைக் கிளிநொச்சியில் தமக்கையிடம் விட்டுவிட்டு ஓமானுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். தவத்துக்கு நிரந்தர விசா கிடைத்து, தாயும் மகளும் மெல்பேணில் வந்து இறங்கி எட்டு மாதம்தான். மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் இருப்பது பிள்ளைக்குப் புத்தி தெரிந்து இதுதான் முதல் தடவை. ராகவி பெரியம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். பெற்றவளைக் கூப்பிட அவளுக்கு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. தேவை என்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், அவ்வளவுதான். நாகேஸ்வரி அந்தப் பிள்ளையின் தலைமுடியைத் தொட்டுப் பின்ன எட்டு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தாள். சாமத்தியவீட்டு அலங்காரத்துக்காவது அது கிடைக்கும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். துடக்கு என்று சொன்னபோது அதையும் சேர்த்துத்தான் அவள் கைவிட்டாள்.

ஓமானைப் பற்றி அவள் காரில் சொல்லாத நாள் குறைவு. போக்குவரத்து நெரிசலில் நின்றால் எங்களுக்கு நிஸ்வாக் கதைதான். முதலில் மஸ்கட்டில் ஒரு வீடு. அங்கே எட்டுப் பிள்ளைகளின் உடுப்பு, மூன்று மாடி, நித்திரை என்றால் என்னவென்று கேட்க வேண்டும். ஒரு நாள் சேர்ட்டில் கறை போகவில்லை என்று வீட்டுக்காரி கன்னத்தில் அறைந்தாள். நாகேஸ்வரி குப்பை போடப் போகிறேன் என்று சொல்லி வாளியோடு கீழே இறங்கி, வாளியைத் தெருவில் வைத்துவிட்டு ஏஜென்சி மட்டும் நடந்தாள். ஏஜென்சிக்காரன் ஏசிவிட்டு நிஸ்வா என்ற ஊருக்கு அனுப்பினான். அங்கேதான் உம்மு சாலிம். சாலிம் என்ற மூத்த மகனின் தாய் என்பதால் ஊர் அப்படிக் கூப்பிட்டது.

"நல்ல மனிசியோ?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"நல்ல மனிசி எண்டு ஆர் சொன்னது? விடிஞ்சா வாய் திறந்தா மூடாது. சவுக்காரக் கட்டியைக் கூட மார்க் பண்ணி வைப்பா அண்ணை. முதல் ரெண்டு வருசம் என்ர பாஸ்போட்டை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டி, திறப்பைக் கழுத்தில போட்டுக்கொண்டு திரிஞ்சவ."

"பிறகு?"

"பிறகு ஒரு நாள் கொண்டந்து மேசையில வைச்சா. 'இனி நீ ஓடமாட்டாய்' எண்டா. 'ஓடினால் உன்ர பெட்டியை ஆர் தூக்குறது, உனக்கு முதுகு நோ' எண்டா."

இப்படித்தான் அவள் சொல்வாள், சிரித்துக்கொண்டு. முதல் மாதம் விருந்தாளிகளுக்குச் சீனி போடாத காப்பி ஊற்றுவது எப்படி என்று தெரியாமல் பட்ட பாடு. சின்னக் கிண்ணத்தை ஆட்டிக் காட்டினால்தான் போதும் என்று அர்த்தம். அவளுக்கு ஊற்றித் தந்தபோது ஆட்டத் தெரியாமல் குடித்துக் குடித்து நெஞ்செரிவு. பேரீச்சம்பழத்தில் எது கறிக்கு, எது விருந்துக்கு, எது ஆட்டுக்கு என்று மூக்கால் பிடிக்கப் பழகியது. சாம்பிராணிப் புகை கறுப்பு மேலங்கியான அபாயாவில் ஏறி, தோய்த்தாலும் போகாமல் இருந்தது. நோன்பு மாதத்தில் குசினிக்குள் ஒளித்துச் சாப்பிட்டவளை உம்மு சாலிம் பிடித்து, "நோன்பு எனக்கு. உனக்கு ஏன் பசி? கதிரையில் இருந்து சாப்பிடு" என்று பேசியது. அலுமாரிக் கதவின் உள்பக்கம் அவள் ஒட்டிவைத்த பிள்ளையார் படத்தைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, பள்ளிவாசல்காரரின் மனைவி வரும் நாட்களில் மட்டும், "அலுமாரியைச் சாத்தி வை" என்று சொன்னது. வேற்று நாட்டில் காலூன்றுவது என்றால் இதுதான் போலிருக்கிறது. எங்கே செருப்பைக் கழற்றுவது, எப்போது வாயை மூடுவது, யாருடைய கோபம் வெறும் சத்தம், யாருடைய கோபம் அடி என்று படிப்பது. நிஸ்வாவில் அவளுக்கு அது பத்து வருடத்தில் கைவந்தது. மெல்பேணில் எங்கள் சனத்தோடு வரவில்லை.

எப்படி வரும்? சிவமணி அக்கா எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தது, தம்பியின் மனிசி ஓமானில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவ என்று. மிடில் ஈஸ்ட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன பெண் என்றால் எங்கள் ஆட்கள் வாயால் பாவம் என்பார்கள், கண்ணால் வேறு ஒன்றைச் சொல்வார்கள். அந்தக் கண்ணைத்தான் எனக்குத் தோண்டிப் போட வேண்டும்போல் இருக்கும். நாகேஸ்வரியிடம் கோயிலில் யாராவது, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டால், தவம் முந்திக்கொண்டு பதில் சொல்வான். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்த நாள் பின்னேரம் சிவமணி அக்காவின் பெரிய கார் டிரைவ்வேயில் வந்து நின்றது. தவம்தான் அவவுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறான். சுவர் ஒன்றுதான். நான் சுவருக்குக் காதை வைக்கத் தேவையே இருக்கவில்லை. பிறகு சத்தம் கூடியபோது சோற்றுச் சட்டியோடு போய் உள்ளேயே நின்றுவிட்டேன். துடக்கு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அயலவன் சோறு கொண்டுபோக வேண்டும். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

"நாகேஸ், நீர் என்ன சின்னப்பிள்ளையே?" சிவமணி அக்கா கதிரையில் இருந்தபடி பதமாகத்தான் தொடங்கினா. "முந்நூறு பேருக்குச் சொல்லியாச்சு. ஐயருக்குச் சொல்லியாச்சு. கவலைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஒரு விளக்கைக் கொளுத்திக் கும்பிடும். அதோட விடும்."

"விளக்குக் கொளுத்தேலாது மச்சாள். துடக்கு."

"எங்கையிருந்து வந்தது துடக்கு? உமக்கு அவ ஆர்? வேலை செய்த வீடு. சம்பளம் தந்தவ, நீர் வேலை செய்தனீர். சரியெண்டு போச்சு."

"அப்பிடிப் போகேல்லை."

"என்ன போகேல்லை? என்ர வீட்டுக்குக் கிளீன் பண்ண ஒரு பிலிப்பீன்காரி வாறவள். நாளைக்கு நான் செத்தா அவள் முப்பத்தொரு நாள் மச்சம் மாமிசம் தின்னாமல் இருப்பாளே?"

"இருக்கமாட்டாள்" என்றாள் நாகேஸ்வரி. "நீங்கள் அவளுக்கு என்ன செய்தனீங்கள் எண்டு அவளுக்குத் தெரியும்."

தவம், "நாகேஸ், பார்த்துக் கதை" என்றான். அதுதான் அவன் விட்ட பிழை. அதுவரைக்கும் சுவரில் சாய்ந்து நின்றவள் நிமிர்ந்தாள்.

"பார்த்துத்தான் கதைக்கிறன். இஞ்சேருங்கோ, எங்கட அம்மா எப்ப செத்தவ?"

தவம் கதவைப் பார்த்தான்.

"சொல்லுங்கோ. ரெண்டாயிரத்துப் பதினெட்டு, ஆவணி. நான் நிஸ்வாவில. எனக்கு டிக்கட் இல்லை, போகேலாது. உங்களுக்கு விசா இல்லை, போகேலாது. காலமை போன் வந்திட்டுது. நான் என்ன செய்யிறது? விளக்குமாத்தை எடுத்து முத்தம் கூட்டிக்கொண்டு நிண்டனான். கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு நிண்டனானாம். உம்மு சாலிம் வந்து விளக்குமாத்தைப் பறிச்சு எறிஞ்சா. என்னெண்டு கேட்டா. சொன்னன். உடன சாலிமைக் கூப்பிட்டு, விருந்தாளியள் இருக்கிற முன்னறையைத் திற, பாயை விரி, காப்பியை வை எண்டா. பள்ளிவாசல்காரற்ற மனிசியிலயிருந்து அந்தத் தெருப் பொம்பிளையள் எல்லாரையும் கூப்பிட்டு, எங்கட வீட்டில சாவு எண்டா. எங்கட வீட்டில எண்டா, மச்சாள். வேலைக்காரியின்ர வீட்டில எண்டு சொல்லேல்லை."

நான் சோற்றுச் சட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"கறுத்த அபாயாவோட ஒவ்வொருத்தியா வந்தவளவை. அதுக்கு முதல் என்ர முகத்தையே பாக்காதவளவை. ஒவ்வொருத்தியும் என்ர கையைப் பிடிச்சு, சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லிப்போட்டுச் சுவரோரமா இருந்தவளவை. அவை அப்பிடித்தான் மூண்டு நாள் இருப்பினம். மூண்டு நாளும் உம்மு சாலிம் என்னை ஒரு கோப்பை கழுவ விடேல்லை. தான் கழுவினவ. முழங்கால் ஏலாத மனிசி, தொட்டியில நிண்டு கழுவினவ. அவையின்ர வேதத்தில எங்கட அம்மா ஆர்? சிலையைக் கும்பிட்ட கிழவி. நாலாம் நாள் திரும்பவும் என்னை ஏசத் தொடங்கீட்டா, அது வேற. ஆனா அந்த மூண்டு நாள் என்ர அம்மாவுக்கு ஒரு செத்தவீடு இருந்தது."

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"எட்டாம் நாள் போனைத் திறந்து பேஸ்புக் பார்த்தனான். வினுஷாவின்ர சாமத்தியவீடு. இவர் பட்டு வேட்டியோட சோத்து வாளி தூக்கிக்கொண்டு சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். என்ர அம்மா செத்து எட்டாம் நாள். மருமோனுக்குத் துடக்கு இல்லையோ? ஏழு வருசம் நான் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டனானோ? இண்டைக்குக் கேக்கிறன். அரபிக்காரி கோப்பை கழுவின நேரம் நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

வினுஷா சிவமணி அக்காவின் மகள். "அக்கா எல்லாப் பொறுப்பையும் எனக்குத் தந்திருந்தவ" என்றான் தவம், யாரையும் பாராமல். "நான் சொன்னா விசேஷம் குழம்பும். நான் ஆருக்கும் சொல்லேல்லை. கராஜுக்குள்ள இருந்து அழுதிட்டுத்தான் வந்தனான்."

இந்த இடத்தில் சிவமணி அக்கா, அட, சொல்லியிருக்கலாமே தம்பி என்று கேட்பா என்று நான் எதிர்பார்த்தேன். மனுசத் தன்மை உள்ள எவரும் எதிர்பார்ப்பார்கள். அவ கதிரையில் இருந்து எழும்பினா.

"என்னடா சொல்லுறாய்? துடக்கோட என்ர பிள்ளையின்ர சாமத்தியவீட்டில நிண்டனியோ? நிறைகுடத்தை நீதானே தூக்கி வைச்சனி? ஐயோ! அதுதான் அவளுக்குச் சரிவந்த கலியாணமும் குழம்பிப்போச்சு!"

ஒரு தாயின் சாவு அங்கே நடுவில் கிடக்கிறது, இவவுக்கு நிறைகுடம். நான் சட்டியை மேசையில் போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா, முஸ்லிம் மனிசி செத்தா துடக்கில்லை, இவன்ர மாமி செத்தா மட்டும் துடக்கு எண்டு நீங்கள்தானே சொல்லுறீங்கள். அப்ப அந்த மாமிக்கு ஆர் அழுதது?" என்று கேட்டுவிட்டேன்.

"நீர் வெளி ஆள். உமக்கு உதில கதை இல்லை" என்று என் வாயை அடைத்துவிட்டு, அறைக் கதவடியில் நின்ற ராகவியைப் பார்த்தா. "பிள்ளை, முழுகிப்போட்டு உடுப்பை எடு. மாமியோட வா. உந்தத் துடக்குக்குள்ள நீ நிக்கக்கூடாது. சாமத்தியவீடு என்ர வீட்டிலயிருந்து நடக்கும். தாய் வராட்டி நான் நிண்டு செய்யிறன். நீ இரு நாகேஸ், உன்ர அரபிக்காரிக்கு அழுதுகொண்டு."

'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது. ராகவி தாயைப் பார்த்தாள். தாய் போகாதே என்று சொல்லவில்லை. எனக்கு அப்போது அவளில்கூடக் கோபம் வந்தது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பிள்ளை குளித்து, பையைத் தூக்கிக்கொண்டு, பெரிய காரில் ஏறிப் போனாள். தவம் தன் காருக்குள் போய் இருந்தான். எஞ்சினைப் போடவில்லை. கண்ணாடி பனியேறி மூடும் வரைக்கும் அப்படியே இருந்தான்.

வியாழக்கிழமை நாகேஸ்வரி வேலைக்கு லீவு சொன்னாள். சூப்பவைசர் யார் இறந்தது என்று கேட்டதற்கு, "மை மதர்" என்றாளாம். ஹோலில் இருந்த சோபாவைச் சுவரோடு தள்ளி, பெட்சீற்றும் பாயும் விரித்தாள். டண்டினோங் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் நான்தான் பேரீச்சம்பழமும் ஏலக்காயும் வாங்கி வந்தேன். துடக்கு வீட்டில் காப்பி வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "உது அவவின்ர முறை அண்ணை. தலைமுழுகினது எங்கட முறை. ரெண்டும் கிடக்கட்டும்" என்றாள்.

எங்கள் ஆட்கள் யாரும் வரவில்லை. கிளென் வேவர்லியில் இருந்து செய்தி பறந்திருந்தது. துடக்கு வீடு என்று சொல்லி ஒதுங்கியவர்கள் பாதி, துடக்கே இல்லை என்று சொல்லி ஒதுங்கியவர்கள் பாதி. இரண்டு பகுதியும் வராமல் விட்டதில் மட்டும் ஒற்றுமை. கொம்பனியில் எங்கள் லைனில் கோழித் தொடை எலும்பு எடுக்கும் ஸைனப் வந்தாள். பஸ்ராவில் இருந்து வந்த ஈராக்காரி, நாகேஸ்வரியோடு அரபி கதைத்து, அவளுடைய ஓமான் அரபியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கும் பெண். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கூட இரண்டு பெண்களைக் கூட்டிவந்தாள். அவர்களுக்கு உம்மு சாலிமையும் தெரியாது, நாகேஸ்வரியையும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்து, "அல்லாஹ் யர்ஹம்ஹா", அல்லாஹ் அவவுக்கு இரங்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக இருந்தார்கள். நாகேஸ்வரி வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமையும் வந்தார்கள். தவம் வேலையால் வந்து காரை நிறுத்திவிட்டு உள்ளே போகாமல் காருக்குள்ளேயே இருந்தான். நான் சோறு கொண்டு போனபோது கண்ணாடியில் தட்டினேன். இறக்கவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, இழுத்து வெளியே போட்டுக் கேட்க வேண்டும்போலவும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், மழை. ராகவி டிரைவ்வேயில் நடந்து வந்தாள். கிளென் வேவர்லியில் இருந்து யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி, இன்னொரு பஸ் மாறி, நனைந்துகொண்டு வந்திருக்கிறாள். தகப்பன் இருந்த காரைத் தாண்டி நேரே உள்ளே போனாள். பாயில் இருந்த பெண்களைப் பார்த்தாள். தாய்க்கு முன்னால் போய் நின்றாள்.

"அந்த மனிசிக்கு முப்பத்தொரு நாள் இருக்கிறீங்கள். எனக்கு ஒரு நாள் நிக்கமாட்டீங்கள், என்ன?"

நாகேஸ்வரி எழும்பப் போனாள்.

"இல்லை, இருங்கோ. என்னை ரெண்டு வயசில விட்டுட்டுப் போன ஆள் நீங்கள். எனக்குக் காய்ச்சல் வந்தா பெரியம்மாதான். நான் ஸ்கூல்ல விழுந்து கை உடைஞ்சா பெரியம்மாதான். நீங்கள் அங்க அவவுக்குக் கால் பிடிச்சு விட்டுக்கொண்டு இருந்தனீங்கள். இப்ப நான் வந்தும் அவதான். இட்ஸ் நொட் பெயார்."

ஸைனப்புக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவள் தன் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஓம், உனக்கு நியாயம் இல்லைத்தான்" என்றாள் நாகேஸ்வரி. குரல் தணிந்து வரவில்லை, வெட்டிக்கொண்டு வந்தது. "அதுக்கு நான் உன்னட்ட மன்னிப்புக் கேட்டாலும் நீ தரத் தேவையில்லை. ஆனா அந்தக் கோபத்தை அவவில போடாத, பிள்ளை. நான் உன்னை விட்டிட்டு அவவிட்டப் போகேல்லை. உனக்குப் பால்மா வாங்க வழியில்லாமல் போனனான். என்னில போடு. கொப்பாவில போடு. அவரை வேலை செய்யாத எண்டு கட்டிப்போட்ட இந்த நாட்டில போடு. அவவில மட்டும் போடாத. நீ கை உடைஞ்ச அண்டைக்கு ராவு முழுக்க என்னோட முழிச்சிருந்தவ அவ. 'போன் எடு, பிள்ளை நித்திரையோ கேள், திரும்ப எடு' எண்டு என்னை ஏசிக்கொண்டு இருந்தவ. உன்ர பேர் அவவின்ர வாயில சரியா வராது. 'ராக்கவி, ராக்கவி' எண்டு கூப்பிடுவா. உனக்காக நான் அழேக்க பக்கத்தில இருந்த ஒரே ஒரு ஆள் செத்துப்போச்சு. அதுக்கு நான் அழக்கூடாதெண்டா, சொல்லு, எழும்பி வாறன். நீ சொன்னா மட்டும் வாறன். உன்ர மாமி சொல்லி வரமாட்டன்."

ராகவி வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஈரச் சட்டையோடு நின்றாள். பிறகு பாயின் மறு கரையில், தாயில் இருந்து எவ்வளவு தூரம் இருக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் போய் இருந்தாள். ஸைனப் தன் மேல்சால்வையைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். அவள் அதைத் தட்டிவிடவில்லை.

நான் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். தவம் கார்க் கண்ணாடியை இறக்கியிருந்தான். மழை அவன் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

பெரிய கார் அப்போதுதான் வந்தது. சிவமணி அக்கா குடையோடு இறங்கினா. வாசல்படி மட்டும் வந்தவ, உள்ளே இருந்த கறுப்பு உடுப்புக்களைக் கண்டதும் அதற்கு மேல் கால் வைக்கவில்லை.

"எங்க என்ர பிள்ளை? சொல்லாமல் பறையாமல் பஸ்ஸில வந்திருக்குது! ராகவி, எழும்பு. தவம்! இறங்கி வாடா. என்னடா இது கூத்து? ஒரு கிழமைக்குள்ள விசேஷம். மண்டபக்காரன் கேக்கிறான், ஐயர் கேக்கிறார், முந்நூறு சனம் கேக்கப்போகுது. ஆர் செத்தது எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

தவம் காரால் இறங்கினான். பதின்மூன்று வருடமாக அக்காவுக்கு முன்னால் குனிந்தே பழகிய முதுகு அன்றைக்கும் குனிந்துதான் இருந்தது. ஆனால் வார்த்தை நேராக வந்தது.

"என்ர மாமி செத்ததெண்டு சொல்லுங்கோ அக்கா."

"உன்ர மாமி செத்து ஏழு வருசம்!"

"ஓம்" என்றான் தவம். "நான் இன்னும் துடக்குக் காக்கேல்லை. இண்டைக்குத்தான் தொடங்குறன். மண்டபத்தை வேண்டாமெண்டு நானே சொல்லுறன்."

சிவமணி அக்கா என்னவெல்லாமோ சொன்னா. கராஜைச் சொன்னா, சோற்றைச் சொன்னா, நன்றி கெட்டவன் என்றா, இனி அந்தப் படி ஏற வேண்டாம் என்றா. அவன் மழைக்குள் நின்று முழுவதையும் கேட்டான். பெரிய கார் பின்னால் போகும்போது என் பூச்சாடி ஒன்றை இடித்து உடைத்துவிட்டுப் போயிற்று.

தவம் வாசலுக்கு வந்தான். உள்ளே பெண்கள் இருப்பதைப் பார்த்துத் தயங்கினான். அவன் கண் நாகேஸ்வரியின் முகத்தில் எதையோ தேடியது. அவள் முகத்தில் அவனுக்கு என்று ஒன்றும் இருக்கவில்லை.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றாள், இருந்த இடத்தில் இருந்தே, சத்தமாக. "இது செத்தவீடு."